ஏழு விரல் கரை

நுரையாறு மலையை விட்டு இறங்கி வளைந்து திரும்பும் இடத்தில் நொச்சி நாடு என்றொரு நாடு இருந்தது. இப்போதும் இருப்பதாகத்தான் அந்நாட்டின் அரசிதழ் சொல்கிறது. அரசிதழே சொல்லும்போது நாம் என்ன மறுத்துப் பேசுவது? அந்த நாட்டில் ஒரு காலத்தில் சபா மண்டபம் கிடையாது, அரியணை கிடையாது. சபை கூடியது ஆற்றுக்குள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும், வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு, வழக்கு உள்ளவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் நாட்டை ஆளும் நாடாள்வாரும் பெரிய படித்துறையில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நிற்பார்கள். பெண்கள் மேற்கே, ஆண்கள் கிழக்கே. நெட்டையானவர்கள் கீழ்ப்படியில், குட்டையானவர்கள் மேல்படியில். எல்லாத் தலைகளும் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகுதான் பேச்சே தொடங்கும். நகையோடு இறங்கினால் ஆறு வாங்கி வைத்துக்கொள்ளும். பட்டோடு இறங்கினால் பட்டு போயிற்று. அதனால் வீட்டில் இருப்பதிலேயே பழைய துணி எதுவோ அதைச் சுற்றிக்கொண்டுதான் எல்லோரும் வருவார்கள். வந்தபின் அதுவும் தண்ணீருக்கு அடியில் போய்விடும். மேலே தெரிவது தலைகள் மட்டுமே. அதில் எது பண்ணையாரின் தலை, எது பண்ணையில் வேலை செய்பவரின் தலை என்று நீங்களும் நானும் போய் நின்றால் சொல்ல முடியாது.

இன்னொரு விதியும் இருந்தது. விரல் நுனி தண்ணீரில் ஊறிச் சுருங்குவதற்குள் ஒரு வழக்கு முடிந்துவிட வேண்டும். ஆகவே அந்த நாட்டில் யாருக்கும் சொற்பொழிவு ஆற்றும் பழக்கம் வரவில்லை. அப்படிப்பட்ட நாடும் இருந்ததா என்று நினைக்கும்போது எனக்கே பொறாமையாக இருக்கிறது.

அந்தச் சபையில் உலகப்பன் தலைச்சொல்லியாக இருந்தார். தண்ணீரில் தெரியும் ஒவ்வொரு தலையையும் பார்த்து, 'இது நாவல்மேட்டு அரங்கநாயகி, ஆடு மேய்ந்த வழக்கு', 'இது கொல்லத்தெரு வீரமுத்து, வழி மறித்த வழக்கு' என்று உரக்கச் சொல்வதுதான் அவருடைய வேலை. நொச்சி நாட்டின் எட்டாயிரம் முகங்களும் அவருக்குத் தெரியும். தாடி வளர்த்தாலும் தெரியும், மொட்டை போட்டாலும் தெரியும். அம்மை வந்து முகம் மாறிப்போன ஒருவரைப் பெற்ற தாயே தயங்கிப் பார்த்தபோது, உலகப்பன் தயங்காமல் பெயரைச் சொன்னார். அந்த மனிதர் தண்ணீருக்குள் நின்றபடியே அழுதார்.

உலகப்பன் தன் மனைவி பவளத்தை முதன்முதலில் பார்த்ததும் அங்கேதான், ஒரு தலையாக. வாத்து வழக்கு. மேலாற்றுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண் அவள். அவளுடைய ஆறு வாத்துகளைப் பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடையவை என்று சாதித்துக்கொண்டிருந்தார். அவள் பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில், எங்கிருந்தோ அந்த ஆறு வாத்துகளும் தலைகளுக்கு நடுவே நீந்தி வந்து அவளுடைய தலையைச் சுற்றி நின்றுகொண்டன. ஒன்று அவள் காதைக் கொத்தியது. சபை முழுக்கச் சிரித்தது. நாடாள்வார் சிரித்ததில் தண்ணீர் குடித்துவிட்டார். அவளும் சிரித்தாள். வாயின் இடது ஓரத்தில் தொடங்கி மெதுவாக வலது ஓரத்துக்குப் பரவுகிற சிரிப்பு. இடது புருவத்தின் நடுவே சிறு வயதுத் தழும்பு ஒன்று, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர். உலகப்பன் அடுத்த பெயரைச் சொல்ல மறந்தார். அவருடைய பதவிக்காலத்தில் அது ஒரு முறைதான் நடந்தது.

இருபத்து நான்கு ஆண்டுகள் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிள்ளைகள் இல்லை. வாத்துகள் இருந்தன.

பிறகு அந்தத் தேர்தல் வந்தது. நொச்சி நாட்டில் ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல், அதுவும் ஆற்றில்தான். வேட்பாளரின் பெயரைச் சொன்னதும் அவரை ஆதரிப்பவர்கள் முங்கி எழ வேண்டும். எத்தனை தலைகள் மறைந்தன என்று தலைச்சொல்லி எண்ணிச் சொல்வார். அந்த ஆண்டு மார்கழியில் தேர்தல் வைத்தார்கள். உதடுகள் நீலம் பாரித்து, பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் முன்னால் எழில்வேந்தர் என்ற புதிய வேட்பாளர் ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்தார்.

"இனி நீங்கள் யாரும் நனைய வேண்டாம்."

அவ்வளவுதான். நனைய வேண்டாம் என்று சொன்னவருக்காக நாடே முங்கி எழுந்தது. உலகப்பனின் கால்விரல் இடுக்குகளில் ஆண்டுக் கணக்காகச் சேற்றுப்புண். எண்ண வேண்டியவரும் ஒரு நொடி எண்ணுவதை நிறுத்திவிட்டு முங்கினார். எழுந்து பார்த்தபோது மேற்குப் பக்கத்தில் முங்காத தலைகள் சில தெரிந்தன. அதில் ஒன்று பவளம்.

"ஏன் பவளம், உனக்குக் குளிரலையா?" என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டார்.

"குளிருது. நனைஞ்சா தொவட்டிக்கலாம். அந்த ஆளு நம்மளை எதுக்குக் கரையேத்துறாருன்னு தெரியலையே, அதான் யோசிச்சேன்" என்றாள் அவள்.

எழில்வேந்தர் வாக்குத் தவறாதவர். ஆறே மாதத்தில் நான்காயிரம் இருக்கைகளோடு ஒரு மண்டபம் எழும்பியது. முதல் செவ்வாயன்று மக்கள் உலர்ந்த கால்களோடு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். சுகமாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். உலகப்பனின் சேற்றுப்புண் ஆறிவிட்டது. ஆனால் அன்றுதான் நொச்சி நாட்டு மக்கள் ஒருவரையொருவர் சபையில் தலை முதல் கால்வரை பார்த்தார்கள். பார்த்த கண் சும்மா இருக்குமா? மூன்றாவது வாரத்தில் பட்டு உடுத்தியவர்கள் முன்வரிசைக்கு வந்திருந்தார்கள். கிழிசல் உடுத்தியவர்கள் தாமாகவே பின்வரிசைக்குப் போயிருந்தார்கள். யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை.

நாடாள்வாராகிவிட்ட எழில்வேந்தருக்கு இது வருத்தம் தந்தது. தோற்றத்துறை என்ற ஒன்றைத் தொடங்கி, பராங்குசம் என்பவரை அதன் செயலராக நியமித்தார். பராங்குசம் அதுவரை தேர்தலில் எழில்வேந்தருக்குத் துவாலை எடுத்துக் கொடுத்தவர்.

"ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் உடை. ஆகவே எல்லோருக்கும் ஒரே உடை. ஒரே உடை வந்துவிட்டால் சமத்துவம் வந்துவிடும். மறுப்பவர்கள் சமத்துவத்தை மறுப்பவர்கள்" என்று பராங்குசம் சபையில் அறிவித்தார். தண்ணீர் இல்லாததால் இதைச் சொல்ல அவருக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது.

ஆணுக்கு வேட்டி, பெண்ணுக்குச் சேலை, இரண்டிலும் ஏழு விரல் அகலத்தில் கரை. அதுதான் முதல் ஆணை. யாருடைய விரல் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டுவிட்டார்.

"நாட்டில் உள்ள விரல்களிலேயே கண்ணியம் மிக்க விரல் எது என்று தாங்களே யோசித்தால் விடை கிடைக்கும்" என்றார் பராங்குசம். நாடாள்வாரின் கையை அளந்து ஒரு மர அளவுகோல் செய்தார்கள். கை என்பது உயிருள்ள பொருள், ஆகையால் ஆண்டுதோறும் நாடாள்வாரின் பிறந்தநாளன்று புதிதாக அளக்கப்படும் என்று ஆணையின் கடைசி வரியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தது. யாரும் அந்த வரியைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்து வந்தது உடைப் பதிவேடு. நாட்டில் யார் யார் என்ன உடுத்துகிறார்கள் என்று வீடு வீடாகப் போய் எழுதினார்கள். பதிவாளர்கள் உலகப்பன் வீட்டுக்கு வந்த நாள், பவளம் துணி துவைத்துப் போட்ட நாள். கரை வைத்த சேலைகள் இரண்டும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அவள் உடம்பில் இருந்தது மேலாற்றுக்காரர்கள் வழக்கமாகக் கட்டும் கட்டம் போட்ட சேலை, அவள் அம்மா கொடுத்தது. பதிவாளர் அவளைப் பார்த்தார், எழுதினார்: 'கட்டம்.'

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. கரைச் சேலை ரெண்டு இருக்குதுங்க. அதோ கொடியில காயுது பாருங்க" என்றார் உலகப்பன்.

"கொடியில் இருப்பதைப் பதிவதற்கு எங்களுக்கு அதிகாரம் இல்லை. உடம்பில் இருப்பதை மட்டுமே பதிய முடியும்."

"சரிங்க, இப்பவே மாத்திக்கிட்டு வரச் சொல்றேன்."

"கட்டம் என்று பதிவானவர் கரை உடுத்தினால் அது ஆள்மாறாட்டம்" என்று பதிவாளர் பொறுமையாக விளக்கினார். போகும்போது கொடியிலிருந்த இரண்டு சேலைகளையும் சாட்சிப் பொருளாக எடுத்துப் போனார்.

கட்டம், கோடு, பூப்போட்டது, ஒன்றுமே போடாதது என்று பதிவானவர்கள் தொள்ளாயிரம் பேர். அவர்களை ஆற்றின் நடுவே இருந்த மணல்திட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். தண்டனை அல்ல, நாகரிகப் பயிற்சி என்றது அரசிதழ். ஓராண்டு அங்கே இருந்து, சொந்தக் கையால் ஏழு விரல் கரை நெய்து உடுத்தி வந்தால், ஊர் வாசலில் அளந்து பார்த்து உள்ளே விடுவார்கள்.

பவளம் படகில் ஏறிய அன்று உலகப்பன் படித்துறையில் நின்றார். அவளை முதலில் பார்த்த அதே படி. வாத்துகள் படகின் பின்னாலேயே நீந்திப் போயின. அவரால் வாத்துகள் அளவுக்குக்கூட இருக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, ஆனாலும் நின்றார்.

ஒரு மாதம் கழித்து ஓடக்காரர் மாசிலாமணி சேதி கொண்டுவந்தார். "அண்ணே, அண்ணி சொல்லச் சொன்னாங்க. தறி கத்துக்கிறாங்களாம். ஏழு விரலு வந்ததும் வருவாங்களாம். வாசல்ல நீங்க இருப்பீங்கதானேன்னு கேட்டாங்க."

"இருப்பேன்னு சொல்லு" என்றார் உலகப்பன்.

அன்றே போய் வாசல் காவல் வேலைக்கு மனுப் போட்டார். தலைச்சொல்லிப் பதவி ஒழிந்து அவரும் சும்மாதான் இருந்தார். பராங்குசம் மகிழ்ச்சியோடு வேலை கொடுத்தார். அளவுகோல் ஒன்று, முத்திரைகள் இரண்டு. 'தகும்', 'தகாது'. உலகப்பனுக்கு வேண்டியிருந்தது 'தகும்' என்ற முத்திரை மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவை. கரை ஒரு விரல் குறைந்தாலும் சரி, இரண்டு விரல் குறைந்தாலும் சரி, அவளைப் பார்த்த நொடியில் குத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஓராண்டு முடிந்து திட்டிலிருந்து முதல் ஆட்கள் வந்தார்கள். உலகப்பனோடு வேலை பார்த்த இன்னொரு காவலர், கரை குறைந்த ஒருவரை உள்ளே விட்டுவிட்டார். கேட்டபோது, செத்துப்போன தம்பி முகம் போலவே இருந்தது, மனசு கேட்கவில்லை என்றார். பராங்குசம் அதிர்ந்துபோனார்.

"முகத்தைக் காட்டுவதும் கையூட்டுக் கொடுப்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றே" என்று மறுநாள் ஆணை வந்தது. வாசலில் தேக்குப் பலகையால் ஒரு தடுப்பு வைத்தார்கள். அதில் கழுத்துக்குக் கீழே கணுக்காலுக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி நீள்சதுரமாக ஒரு திறப்பு. வெளியே நிற்பவர்களுக்கும் காவலரின் கைகளும் அளவுகோலும் மட்டும் தெரியும். யாரோ ஒரு கிழவர் திறப்பு வழியாக, "தலைச்சொல்லி, நான்தான்" என்று கூப்பிட்டதில், குரலும் முகத்தின் ஒரு பகுதிதான் என்று தோற்றத்துறை கண்டுபிடித்தது. அதிலிருந்து வாசலில் பேசினால் 'தகாது'.

உலகப்பன் முதலில் குனிந்து குனிந்து பார்த்தார். பவளம் வந்து நிற்பாளோ என்று, பலகைக்குக் கீழே தலையை விட்டு அண்ணாந்து பார்த்தார். இரண்டு முறை எச்சரிக்கை வந்தது. மூன்றாவது முறை வேலை போய்விடும் என்றார்கள். வேலை போனால் வாசலில் யார் இருப்பது? குனிவதை நிறுத்தினார். சேதி கேட்கலாம் என்றால் மாசிலாமணியும் இல்லை. கோவணத்தோடு ஓடம் தள்ளியதற்காக, ஆடை குறைந்தவர் என்று அவரையும் திட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

இதற்கிடையில் நாடாள்வாரின் பிறந்தநாள் வந்தது. நாடாள்வார் நல்ல சாப்பாட்டுக்காரர். பதவிக்கு வந்ததிலிருந்து நாளுக்கு மூன்று விருந்து. விரல்கள் வாழைக்காய் போலப் பருத்திருந்தன. புதிய அளவுகோலின்படி நேற்று வரை ஏழு விரலாக இருந்த கரை இன்று ஆறரை விரல் ஆகிவிட்டது. ஊருக்குள்ளே ஒழுங்காக இருந்தவர்களே ஒரே காலையில் தகாதவர்கள் ஆனார்கள். படகுகள் நிறைந்து போயின. அடுத்த பிறந்தநாளிலும் அப்படியே. யாரும் நெய்து முடிப்பதற்குள் விரல் முந்திக்கொண்டது. நான்காயிரம் இருக்கை மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைகளில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முறையீடு எதுவும் இல்லை. 'குறைகளே இல்லாத நாடு' என்று அரசிதழ் தலைப்புப் போட்டது.

உலகப்பனுக்குள்ளும் ஏதோ நடந்துகொண்டிருந்தது. அவர் வேலையில் கெட்டிக்காரர் ஆகிக்கொண்டிருந்தார். அளவுகோலைத் தொடாமலே ஒரு கரையைப் பார்த்து 'ஆறே முக்கால்' என்று சொல்வார், வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். தெருவில் எதிரே வருபவர்களை அவருக்கு ஆறு விரல்காரர், ஏழு விரல்காரர் என்றுதான் தெரிந்தது. முன்பெல்லாம் ஓய்வு நாளில் வெறிச்சோடிய படித்துறைக்குப் போய் உட்கார்ந்து, பழைய செவ்வாய்களை நினைத்துக்கொள்வார். இந்த இடத்தில் அரங்கநாயகி நிற்பாள், அந்த இடத்தில் வீரமுத்து, அதோ அங்கே வாத்துகள். தண்ணீர் முழுக்கத் தலைகளாக மிதக்கும். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பார். அந்த நேரத்தில் மட்டும் அவருக்கு மூச்சு நன்றாக வரும். இரண்டாம் ஆண்டின் முடிவில் ஒருநாள் அப்படி உட்கார்ந்து பெயர்களைச் சொன்னபோது, பெயர்கள் வந்தன, தலைகள் வரவில்லை. பயந்துபோய் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அதன்பிறகு படித்துறைப் பக்கம் போகவில்லை.

மூன்றாம் ஆண்டில் ஒரு சேலை அடிக்கடி வர ஆரம்பித்தது. கொடிப் பச்சை நிறம், கரையில் மீன்கண் போட்டது, கைத்தறி. நேர்த்தியான நெசவு. ஆனால் அரை விரல் குறைவு. 'தகாது' குத்தி அனுப்புவார். நான்கு நாள் கழித்து அதே சேலை வரும். இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வார். அளவு மாறியது தெரிந்தும் திரும்பத் திரும்ப வருகிறாளே என்று எரிச்சலும் வரும். ஆவணி மாதத்தில் ஒரு நாள் அந்தச் சேலை வந்து நின்றது. வழக்கம்போல அரை விரல் குறைவு. அவர் முத்திரையை எடுத்தார். அப்போது திறப்பு வழியாக ஒரு கை உள்ளே வந்தது. வளையல் இல்லாத, தறியில் காய்த்துப்போன கை. அது அவருடைய புறங்கையின் மேல் வந்து அமர்ந்தது. எதையும் கேட்கவில்லை, பிடித்து இழுக்கவில்லை. சும்மா அப்படியே இருந்தது. கையைப் பற்றித் தோற்றத்துறை ஆணைகளில் ஒன்றும் இல்லை. உலகப்பன் அதை மெல்ல எடுத்து வெளியே விட்டார். 'தகாது' குத்தினார். "அடுத்தது" என்றார்.

அன்று முழுவதும் புறங்கை மட்டும் என்னவோ போலிருந்தது. மரத்துப்போயிருக்கும் என்று எண்ணெய் தேய்த்தார்.

நாடாள்வாரின் அடுத்த பிறந்தநாளில், சிறந்த அரசு ஊழியருக்கான பொற்பதக்கம் உலகப்பனுக்கு அறிவிக்கப்பட்டது. மண்டபத்துக்குப் போனார். பதினொரு பேரோடு அலுவலர்களும் வந்திருந்தார்கள். பராங்குசம் பாராட்டுப் பத்திரத்தைக் கையில் எடுத்துக் கனைத்துக்கொண்டார்.

"மாட்சிமை தங்கிய நாடாள்வார் அவர்களே, பெரியோர்களே! நடுநிலை என்றால் என்ன? அதற்கு ஓர் உருவம் கொடுத்தால் அது நமது உலகப்பன் அவர்களாகத்தான் இருக்கும். கடந்த ஆவணி பதினாறாம் நாள், திட்டு வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு வாசலுக்கு வந்தார். அரை விரல் குறைவு. நமது உலகப்பன் அவர்கள் கை நடுங்காமல் 'தகாது' முத்திரை பதித்தார். அந்த நானூற்றுப் பன்னிரண்டு யார் தெரியுமா? பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து நாங்களே மெய்சிலிர்த்துப்போனோம். அவர் பெயர் பவளம். நமது உலகப்பன் அவர்களின் இல்லத்தரசியார்!"

கைதட்டல் எழுந்தது. நாடாள்வாரும் தட்டினார். விரல்கள் பருத்திருந்ததால் சத்தம் அதிகம் வரவில்லை.

"பெற்ற பாசமும் கொண்ட காதலும் சட்டத்தின் முன் ஒன்றுமில்லை என்று காட்டிய இவர், இப்போது இரண்டு வார்த்தை பேசுவார்" என்றார் பராங்குசம்.

உலகப்பன் ஒலிவாங்கியின் முன்னால் நின்றார். புறங்கையைப் பார்த்தார். மேடையிலிருந்து கீழே பார்த்தால் ஏழு விரல், ஏழு விரல், ஏழு விரல். இறங்கி நடந்தார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று பராங்குசம் விளக்கம் சொல்ல, மறுபடியும் கைதட்டினார்கள்.

திட்டுக்குப் போவதற்குச் சோதனை எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போகலாம், அந்த விஷயத்தில் நொச்சி நாடு தாராளமானது. தான் போகும் நேரம் பார்த்து அவள் வாசலுக்கு வந்துவிட்டால் என்று பயந்து, இத்தனை நாள் அவர்தான் போகவில்லை. சீருடை போட்ட படகோட்டி அவருடைய வேட்டிக் கரையையும் கழுத்துப் பதக்கத்தையும் பார்த்துச் சலாம் வைத்துத் துடுப்பைப் போட்டான். வழியெல்லாம் உலகப்பன் அவளை நினைத்துக்கொண்டே போனார். கொடிப் பச்சை. மீன்கண் கரை. ஆறரை, பழைய அளவில் ஏழேகால். மடிப்பில் ஓர் இழை தப்பியிருக்கும். எல்லாம் அச்சடித்த மாதிரி கண்ணில் நின்றது.

திட்டில் இப்போது ஆயிரக்கணக்கான குடிசைகள். அவருடைய வேட்டியையும் பதக்கத்தையும் கண்டதும் ஆட்கள் விலகி ஒதுங்கினார்கள். சிலர் கைகட்டி நின்றார்கள். இன்னொரு பதிவேடு எழுத யாரோ அதிகாரி வந்திருப்பதாக நினைத்தார்கள். அவர் யாரிடமாவது கேட்கலாம் என்று அருகில் போனால், அவர்கள் இன்னும் இரண்டடி பின்னால் போனார்கள். ஒரு பெண் மட்டும் இடுப்பில் குடத்தோடு வழியில் நின்றாள். நகரவில்லை.

"யாரைத் தேடுறீங்க?" என்றாள். குரல் எங்கோ கேட்டது போலிருந்தது. ஆனால் குரலைக் கவனிப்பதை விட்டு அவருக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது.

"பவளம்னு ஒருத்தர்" என்றார்.

"பவளம் இங்க ஏழெட்டுப் பேர் இருக்காங்க. நீங்க தேடுறவங்க எப்படி இருப்பாங்க?"

"கொடிப் பச்சைச் சேலை. மீன்கண் கரை, ஆறரை விரல். ஆவணி பதினாறாம் தேதி வாசலுக்கு வந்தாங்க."

அவள் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"அந்தச் சேலையா? அது இங்க எல்லாருக்கும் பொதுச் சேலை. நூல் அவ்வளவுதான் கிடைச்சுது. ஆறு மாசம் ஆளாளுக்கு நெய்ஞ்சோம். யாரு வாசலுக்குப் போறாங்களோ அவங்க அன்னைக்குக் கட்டிக்கிட்டுப் போவாங்க. திரும்பி வந்ததும் தொவைச்சு அடுத்தவங்களுக்குக் கொடுத்துருவாங்க. இதுவரைக்கும் எழுபது எண்பது பேரு கட்டியிருப்போம்" என்றாள்.

ஒரே பிடிவாதக்காரி என்று அவர் நினைத்தது எண்பது பேர். எண்பது பேரையும் தெரிந்தவர் அவர். அரங்கநாயகி வந்திருப்பாள். கொல்லத்தெருப் பெண்கள் வந்திருப்பார்கள்.

"சேலையை விடுங்க. முகத்தைச் சொல்லுங்க, முகம் எப்படி இருக்கும்?"

அவர் வாயைத் திறந்தார். வாத்துகள் நினைவுக்கு வந்தன. ஆறு வாத்துகள், அதில் ஒன்று காதைக் கொத்தியது. தண்ணீர் நினைவுக்கு வந்தது, எல்லோரும் சிரித்தது நினைவுக்கு வந்தது. நடுவில் ஒரு முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெயில்தான் இருந்தது. எட்டாயிரம் முகம் தெரிந்த மனிதர் மணலில் தலை குனிந்து நின்றார். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்போதும் அவர் கண், பழக்கத்தில், எதிரே நின்றவளின் சேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய சேலை, கட்டம் போட்டது, கரை இல்லை. தகாது என்று மனசு தானாகச் சொல்லியது.

"தெரியலையே" என்றார். "எனக்குத் தெரியலையே, அம்மா."

அவள் குடத்தை இறக்கி மணலில் வைத்தாள். காய்த்துப்போன கையால் அவருடைய மோவாயைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினாள். அவளுடைய இடது புருவத்தின் நடுவே ஒரு பழைய தழும்பு இருந்தது.